பாயின் வைத்தியம்

கார் வைத்திருப்பவரிடம் 'ஹெட் கேஸ்கட் போயிருக்கும் போலிருக்கிறதே' என்று சொல்வதும், குடும்பஸ்தனிடம் 'இருதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது' என்று டாக்டர் சொல்வதும் ஒன்றுதான். சொல்கிறவருக்கு ஒரு வாக்கியம். கேட்கிறவருக்கு ஒரு மாதத் தூக்கம்.

கேஸ்கட் என்பது ஒரு மெல்லிய தகடு. எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே படுத்துக்கொண்டு, சுமார் 2,000 டிகிரிச் சூட்டில் எரியும் வாயுவும், 90 டிகிரித் தண்ணீரும், ஓடுகிற எண்ணெயும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் அது காக்கிறது. கூட்டுக் குடும்பங்களில் இப்படி ஒருவர் இருப்பார். இருக்கும் வரை அவர் அருமை யாருக்கும் தெரியாது.

சென்ற கோடையில், நான் பழையதாக வாங்கிய கார் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. தரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ரேடியேட்டரில் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. இழுவை இல்லை, பின்னால் வெண்புகை. ஒரு பட்டறையில் எதையும் கழற்றிப் பாராமலே, 'ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினைப் பிரித்துப் போரிங் செய்ய வேண்டும்' என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவர்கள் கேட்ட தொகையைக் கேட்டதும் காரை விற்றுவிடலாம் என்றாள் என் மனைவி.

விற்கும் முன் புதுப்பேட்டையில் எனக்குத் தெரிந்த பாயிடம் காட்டினேன். அவர், எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். தண்ணீரில் விடாமல் குமிழிகள் கிளம்பின. பிறகு பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளந்தார். முதலாவதிலும் நாலாவதிலும் 120 பவுண்டு. நடுவிலிருந்த இரண்டிலும் 60. அந்த இரண்டிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தார். அதே 60.

"ரிங் தேய்ஞ்சிருந்தா எண்ணெய் இடுக்கை அடைச்சுக் கொஞ்சமாவது ஏறியிருக்கும் சார். ஏறலை. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் ரெண்டும் ஒரே அளவுக்கு இறங்கியிருக்கு. தண்ணியிலே குமிழி வேற. இது கேஸ்கட்தான்."

ஹெட்டைத் தூக்கினார். இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவே தகடு கருகி, பக்கத்துத் தண்ணீர்த் துவாரம் வரை அரித்திருந்தது.

புதுத் தகட்டை அவர் உடனே போடவில்லை. "அது தானா எரியாது சார். எஞ்சின் ஏன் கொதிச்சுது?" என்று கேட்டுக்கொண்டே ரேடியேட்டரைக் கழற்றினார். முன்பு வைத்திருந்தவர் யாரோ ஊற்றிய ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு, பாதிக் குழாய்களை அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்தார். இரும்பு ரூலை ஹெட்டின் மேல் நிறுத்தி வளைவு பார்த்து, லேத்துக்கு அனுப்பிச் சமன் செய்தார். அதன் பிறகே புதுக் கேஸ்கட். போல்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, ஒரே மூச்சில் இறுக்காமல் மூன்று சுற்றாக, அளவு காட்டும் ஸ்பானரால் முடுக்கினார்.

போரிங் செய்திருந்தால் புதிய ரிங்குகளோடு கார் மறுபடி கொதித்திருக்கும். கேஸ்கட்டை மட்டும் மாற்றியிருந்தாலும் அதுவே கதி.

வீட்டில் பொறுமையான ஒருவர் ஒரு நாள் வெடித்துவிட்டால், 'இவருக்கு என்ன வந்தது?' என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். சூடு எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு ஒரு பாய் வேண்டியிருக்கிறது.