தீப்பெட்டிக்குத் தாமதமாக வந்த தாராளமயம்

தாராளமயம், தனியார்மயம், உலகமயம் மூன்றையும் மேடைகளில் ஒரே மூச்சில் கேட்டுக் கேட்டு, மூன்றும் ஒன்றுதான் என்று நமக்கு ஊறிவிட்டது. அரசு நிறுவனத்தின் பங்குகளை விற்றால் அது தனியார்மயம். வெளிநாட்டுச் சரக்கும் முதலும் தங்குதடையின்றி வந்தால் உலகமயம். தாராளமயத்தின் சங்கதி வேறு. ஒரு தொழிலைச் செய்ய யார் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதுதான் அங்கே கேள்வி.

1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரிய ஆலை தொடங்க லைசென்ஸ், விரிவாக்கவும் லைசென்ஸ். ராஜாஜி இதைத்தான் ‘பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்’ என்று சாடினார். எழுபதுகளில் எங்கள் தெரு வாத்தியார் ஒருவர் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார். புக்கிங் ரசீது பீரோவில் நகைப்பெட்டிக்குள் இருந்தது. வாங்க ஆள் உண்டு, செய்ய ஆலையும் உண்டு. கூடுதலாகச் செய்யத்தான் தில்லி தலையசைக்க வேண்டும்.

1991-இல் கையிருப்பு அந்நியச் செலாவணி இரண்டொரு வார இறக்குமதிக்கே காணும் என்றானது. தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தோம். ஜூலை 24 அன்று மன்மோகன் சிங் பட்ஜெட் வாசித்தார். அதே நாளில் வந்த தொழில் கொள்கை, 18 தொழில்கள் போக மற்றவற்றுக்கு லைசென்ஸே வேண்டாம் என்றது.

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் நண்பரைக் கேட்டால் கதை மாறும். தீப்பெட்டி, பட்டாசு, ஊறுகாய், பூட்டு, ஊதுபத்தி என்று 800-க்கும் மேற்பட்ட பொருள்கள் சிறுதொழிலுக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த வேலி 1991-க்குப் பிறகும் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, கடைசி 20 பொருள்களை 2015-இல்தான் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். தீப்பெட்டி அதில் ஒன்று.

“பெரிய கம்பெனிக்காரன் இறங்கினா நாங்க எங்க போறது?” என்பார் நண்பர். அடுத்த வாயிலேயே, முதலீட்டு வரம்பைத் தாண்டினால் சிறுதொழில் என்ற தகுதி போய்விடுமே என்று புது மெஷின் வாங்கத் தயங்கிய நாட்களையும் சொல்வார். காத்த வேலிதான் அவரைக் கட்டியும் போட்டது.

தாராளமயம் நல்லதா, கெட்டதா என்று மொட்டையாகக் கேட்பவர்களிடம், எந்த விதியைத் தளர்த்தினார்கள், யார் உள்ளே வந்தார்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். ஸ்கூட்டருக்குச் சரியாக இருந்த பதில் தீப்பெட்டிக்கு அப்படியே பொருந்துவதில்லை.