நான்காம் மூலை

பழந்துணிக்கு நம் தமிழ் இல்லங்களில் பயன்கள் பல உண்டு. தாயின் நைந்த புடவை குழந்தைக்குத் தூளியாகும். தந்தையின் கிழிந்த வேட்டி விளக்குக்குத் திரியாகும். வங்கத்துப் பெண்மணிகளோ அதே பழந்துணியை அடுக்கித் தைத்துச் சித்திரப் போர்வையாக்கினர். அதுவே காந்தா. நம் ‘கந்தை’ என்னும் சொல்லோடு ஒலியால் நெருங்கி நிற்கும் அப்பெயரைக் கேட்ட முதல் நாளே நமக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

நாம் மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். மாற்றல் ஆணையைக் கையிற்கொண்டு கொல்கத்தாவுக்கு வந்து, சால்ட் லேக்கில் குடியமர்ந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. உவர்ச் சதுப்பாகக் கிடந்த இப்பகுதி, 1962-இல் தொடங்கி ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் கொட்டி மேடாக்கப்பட்டது. எனினும் பெருமழை பெய்தால் நீருக்குத் தன் பழைய இடம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அப்படியொரு மழைக்காலத்தில், எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் வாழும் மூதாட்டியின் வீட்டிற்குள் நீர் புகுந்தது. கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டி நனைந்தது. பலநாள் கழித்தே அதனைத் திறந்து பார்த்தனர்.

அவரை நாங்கள் ‘மாசிமா’ என்றழைப்போம். 1950-இல், எட்டு வயதில், கிழக்கு வங்கத்துக் குல்னாவிலிருந்து பெற்றோருடன் அகதியாக வந்தவர். பெட்டியில் இருந்தது அவருடைய அன்னை தைத்த காந்தா. அதன் ஒரு மூலை மட்கிப் போயிருந்தது. “பௌமா, என் கண்ணும் விரலும் இனி உதவா. நீ இதனைச் சரிசெய்து கொடுப்பாயா?” என்று நம் இல்லாளிடம் அவர் கேட்டார். மருமகளை அழைக்கும் அச்சொல்லுக்குப் பின் மறுப்பதெங்ஙனம்?

தைப்பதற்குமுன் கோலத்தை அறிய வேண்டுமல்லவா? போர்வையை விரித்தோம். நடுவில் பல இதழ்த் தாமரை. மார்கழி வாசலில் தாமரைக் கோலமிட்டுப் பழகிய நம் இல்லாள் அதனை உடனே கண்டுகொண்டார். மூலைகளில் ‘கல்கா’, காஞ்சிப் பட்டின் கரையில் நாம் மாங்காய் என்று சொல்லும் அதே உருவம். பழைய காந்தாக்களில் பலவும் இவ்வாறே நடுவில் தாமரையும், அதனை நோக்கும் நான்கு மூலைச் சித்திரங்களுமாக அமைந்தவை. இடைவெளியெங்கும் வெள்ளை நூலால் ஓட்டுத்தையல். ஒவ்வோர் உருவின் விளிம்பையும் சுற்றிச் சுற்றி வரும் அத்தையலால் துணி சிற்றலைபோல் சுருங்கி நிற்கும். வண்ண நூலைக் கடையில் வாங்காமல் பழம்புடவைக் கரையிலிருந்து இழை இழையாக உருவி எடுப்பதே பண்டை வழக்கம்.

இக்கலையின் அருமையை உணர்ந்து சேகரித்தவர்களில் முதன்மையானவர் குருசதய் தத்தர் (1882–1941). ஆட்சிப் பணியில் ஊரூராகச் சென்றபோது அவர் திரட்டிய செல்வம், 1963-இல் ஜோக்காவில் அவர் பெயராலேயே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. மானதாசுந்தரி என்னும் பெண்மணி தம் தந்தைக்கெனத் தைத்து, அச்செய்தியையும் ஊசியாலேயே எழுதிவைத்த காந்தா அத்தொகுப்பில் புகழ்பெற்றது. பிற காந்தாக்கள் பெரும்பாலானவற்றில் தைத்தவர் பெயரில்லை. மாசிமாவின் போர்வையிலும் இல்லை.

எஞ்சிய மூன்று மாங்காய்களின் நுனியும் வலப்புறமே வளைந்திருந்தன. நான்காவதும் அவ்வாறே இருந்திருக்கும் என்று கருதி நம் இல்லாள் பென்சிலை எடுத்தார். ஆயினும் ஊசி எல்லா மடிப்புகளையும் துளைத்துச் செல்வதன்றோ? மேல் மடிப்புகள் மட்கினும் அடித்துணி பிழைத்திருந்தது. அதனைச் சாளரத்தின் வெளிச்சத்தில் பிடித்தபோது ஊசித் துளைகள் புள்ளிக் கோலம்போல் தெரிந்தன. சிவப்புச் சாயமும் சிறிது கசிந்திருந்தது. புள்ளிகளை இணைத்துப் பார்த்தோம். மாங்காய்தான், ஆனால் நுனி இடப்புறம் வளைந்திருந்தது. துளைகளும் ஒன்று நெருங்கி ஒன்று விலகித் தாறுமாறாக இருந்தன.

மாசிமாவிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் அத்துணியை விரல்களால் தடவியவண்ணம் இருந்தார். பிறகு, “இது அம்மா தைத்ததன்று; நான் தைத்தது. திசை மாறிவிட்டதென்று அழுதேன். பிரிக்க வேண்டாம், இருக்கட்டும் என்று அம்மா சொன்னாள். அடுத்த ஆண்டு ஊரையே விட்டு வந்துவிட்டோம்” என்றார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அதனை மறந்திருந்தார்.

இனி ஒட்டுப்போடத் துணி வேண்டும். புதுத்துணி ஆகாது, அதன் வலிமையைத் தாங்காமல் பழந்துணி கிழிந்துவிடும். துவைத்துத் துவைத்து மெலிந்த வெண்பருத்தி எங்கள் வீட்டில் ஒன்றே இருந்தது: காலஞ்சென்ற நம் தந்தையாரின் எட்டுமுழ வேட்டி. அரக்குக் கரையிட்ட அதனை ஊரிலிருந்து கொண்டுவந்து பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்தோம். அதில் கத்தரி படுவதற்கு நாம் இசையவில்லை. மூன்று நாள் இல்லத்தில் அப்பேச்சே எழவில்லை. நான்காம் நாள் பீரோவைத் திறந்து பார்த்தபோது, மடிப்பு விழுந்த இடங்களில் வேட்டி தானாகவே இற்றுக்கொண்டிருந்தது. நாம் காத்தது போதும் என்று தோன்றியது. நாமே எடுத்துக் கொடுத்தோம்.

வேட்டித் துண்டு மூலையில் அமர்ந்தது. அதன் கரையிலிருந்து உருவிய இழையே மாங்காய்க்கு நூலாயிற்று. நுனி இடப்புறமே வளைந்தது. நம் இல்லாள் சீராகத் தைக்கத் தெரிந்தவர். எனினும் பழைய துளைகள் சென்ற வழியே, நெருங்கியும் விலகியும் தைத்து முடித்தார். இருபது மாலைப் பொழுதுகள் ஆயின. மாசிமா அம்மூலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். யாருடைய வேட்டி என்று கேட்டறிந்து, கைகூப்பினார்.

எஞ்சிய வேட்டியோடு இரண்டு பழம்புடவைகளை அடுக்கி இப்பொழுது நம் மகள் தைக்கத் தொடங்கியிருக்கிறாள். தமிழைவிட வங்கமொழியை விரைந்து எழுதுபவள் அவள். நடுத் தாமரையைத் தன் தாயிடமும், மூலை மாங்காயை மாசிமாவிடமும் கேட்டு வரைந்தாள். ஓரிதழ் சற்றே கோணலாகிவிட்டது. பிரிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.