கூடத்தில் ஓடும் ரயில்

ஊரை விட்டு வந்து வாழும் நம்மவர்க்கு ரயில் என்றால் விடுமுறைப் பயணந்தான் நினைவுக்கு வரும். டிக்கெட் உறுதியாயிற்றா, கீழ்ப்படுக்கை கிடைக்குமா, புளிச்சாதம் எத்தனை வேளைக்குக் கட்டுவது என்பவையே நம் வீட்டுப் பேச்சு. ஊர் வந்து சேர்ந்ததும் வண்டியை மறந்துவிடுகிறோம். ஆனால், போய்ச் சேரும் ஊரைவிட வண்டியையே பெரிதாக எண்ணும் அன்பர்களும் இந்நாட்டில் உண்டு. அவர்கள் ரயிலைத் தம் வீட்டுக் கூடத்திலேயே கட்டி ஓட்டுகிறார்கள். அத்தகையோர் சிலரை அண்மையில் புனே நகரில் சந்தித்தேன்.

மும்பையிலிருந்து புனே செல்லும் பாதையே மாதிரி ரயில் கட்டுவோர்க்கு ஒரு பாடசாலை எனலாம். கர்ஜத் நிலையத்தில் பல வண்டிகளுக்குப் பின்னால் துணை எஞ்சின்களைப் பூட்டுகிறார்கள். அங்கிருந்து ஏறும் ‘போர் காட்’ மலைப்பாதையின் சரிவு 37 அடிக்கு 1 அடி. 1863ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இப்பாதையில், 1929 வரை வண்டிகள் நடுவழியில் ஓரிடத்தில் நின்று, எஞ்சினை மறுமுனைக்கு மாற்றிக்கொண்டு, திசை திரும்பி ஏறின. இப்போது சுரங்கங்களின் வழியாக நேரே லோணாவளாவை அடைகிறோம். மழைக்காலத்தில் இருபுறமும் அருவிகள் விழும் காட்சி கண்ணுக்கு விருந்து.

புனேயில் கோத்ரூட் பகுதியில், கர்வே சாலையை ஒட்டி, ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பாவுசாகேப் ஜோஷி என்பவர் தம் மாதிரி ரயில்களை 1982இலேயே இந்நகரில் பொதுமக்களுக்குக் காட்டினார். ஒவ்வொரு முறையும் அனைத்தையும் பிரித்துப் பூட்டுவது பெரும்பாடாதலால் நிலையான இடம் தேவையாயிற்று. 1998 ஏப்ரல் முதல் நாள் இந்த அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒரே அறையில் ஒரு நகரமே அடங்கியிருக்கிறது. நீராவி வண்டி ஒரு புறம் செல்ல, மலையேறும் வண்டி மறுபுறம் ஊர்கிறது. சர்க்கஸ் கூடாரமும், மேம்பாலமும், வரிசையாகச் சிக்னல்களும் உள்ளன. காட்சியின் நடுவே அறை இருண்டு, சிறு நகரில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியதும், என் பக்கத்தில் இருந்த குழந்தைகள் பேச்சை நிறுத்திவிட்டனர். பெரியவர்களும் அப்படியே.

அங்கே கண்டது முடிந்த வேலை. முடியாத வேலையைக் காணும் வாய்ப்பு மறுநாள் கிட்டியது. அலுவலக நண்பர் ஒருவர் என்னை அதே கோத்ரூட்டில் ஓர் அன்பரின் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். மாதம் ஒரு ஞாயிறன்று அங்கே ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர், பொறியாளர் ஒருவர், கல்லூரி மாணவர் இருவர், செங்கோட்டையைச் சேர்ந்த தமிழ் அம்மையார் ஒருவர் என்று பலதரப்பட்டவர்கள். அவர்களுடைய வழக்கம் ஒன்று என் மனத்தைக் கவர்ந்தது. முடித்த வேலையை மட்டும் கொண்டுவந்து பெருமை பேசுவதற்கு அங்கே இடமில்லை. பாதியில் நின்றுபோனதையும், சரியாக வராததையும் மேசைமேல் வைக்க வேண்டும். சென்ற மாதத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதே கேள்வி.

அன்று மாணவர் ஒருவர் கொண்டுவந்த சரக்குப் பெட்டி, பாதை பிரியும் இடத்தில் ஒவ்வொரு முறையும் தடம் புரண்டது. நான்கு பேர் மேசை விளிம்பில் கண்ணை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தனர். இறுதியில், ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் அரை மில்லிமீட்டர் குறைவு என்று கண்டனர். நம்முடைய பெரிய அகலப்பாதையில் அத்தூரம் 1600 மில்லிமீட்டர். அதைப் பணிமனையில் எவ்வளவு சிரத்தையோடு காக்கிறார்கள் என்பதை ரயில்வே எழுத்தனாகிய நான் அறிவேன். சிறு ரயிலுக்கும் அதே நியாயந்தான். சக்கரத்தைச் சற்றே விலக்கியதும் பெட்டி அமைதியாகக் கடந்து சென்றது. மாணவரைவிட மற்றவர்களுக்கே மகிழ்ச்சி அதிகம்.

இவர்கள் பெரும்பாலும் கையாள்வது ‘எச்.ஓ.’ என்னும் அளவு. அசலில் 87இல் ஒரு பங்கு. ஓர் அடி மூன்றரை மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. அதன்படி ஒரு கிலோமீட்டர் ஏறக்குறைய பதினொன்றரை மீட்டர். பெரம்பூரில் 1955 முதல் கட்டப்பட்ட நமக்குப் பழக்கமான பெட்டி, 245 மில்லிமீட்டர் நீளமாகிறது. அத்தகைய 24 பெட்டிகளைக் கோத்தால் ஆறு மீட்டர் போதாது. எந்தக் குடியிருப்பில் அவ்வளவு கூடம் இருக்கிறது? ஆகவே ஐந்து பெட்டிகளோடு திருப்தி அடைகிறார்கள். நீளத்தைச் சுருக்கலாம், வளைவையும் குறுக்கலாம். மலைச் சரிவை மட்டும் சுருக்க முடியாது. 37க்கு 1 என்றால் மேசைமேலும் 37க்கு 1தான். எஞ்சின் சக்கரம் வழுக்கினால் அங்கும் துணை எஞ்சின் வேண்டும்.

நம் நாட்டவர்க்கு மட்டும் உரிய சங்கடம் இன்னொன்று. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது பல நாடுகளில் வழங்கும் 1435 மில்லிமீட்டர்ப் பாதைக்குச் சரியான அளவு. நம் அகலப்பாதையோ 1676 மில்லிமீட்டர். மாதிரியில் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். மூன்று மில்லிமீட்டர் என்ன பிரமாதம் என்று தோன்றலாம். ஆனால், குறுகிய தண்டவாளத்தின்மேல் நம் அகன்ற பெட்டியை நிறுத்தினால், பெரிய மனிதர் சிறுவனின் செருப்பை அணிந்தது போல் இருக்கிறது. பெரும்பாலோர் இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். பொறியாளர் மட்டும் பொறுக்கவில்லை. கட்டைகளைத் தாமே அறுத்து, தண்டவாளத்தைத் தாமே பதித்து வருகிறார். இதுவரை அவர் போட்டிருப்பது இரண்டு மீட்டர்.

மீட்டர்ப் பாதையின் கதை நேர்மாறு. ஐரோப்பிய மலை ரயில்களுக்காக விற்கும் 12 மில்லிமீட்டர்த் தண்டவாளம் அதற்கு ஏறக்குறையப் பொருந்துகிறது. மாதிரிக்குத் தண்டவாளம் இருக்கிறது. அசல் வண்டிதான் நம் ஊர்களிலிருந்து போய்விட்டது. நீலகிரி மலை ரயில் இன்னும் அப்பாதையில் ஓடுகிறது. சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர்ப் பாதை மின்வண்டி 2004இல் நின்றது. செங்கோட்டை–புனலூர்ப் பாதை 2010இல் மூடப்பட்டு, 2018இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது.

அந்தச் செங்கோட்டைப் பாதையைத்தான் அம்மையார் கட்டிக்கொண்டிருக்கிறார். அங்குள்ளோர் அவரை மராத்தி வழக்கப்படி ‘தாயீ’, அதாவது அக்கா, என்று அழைக்கின்றனர். 1904இல் திறக்கப்பட்ட அப்பாதையில் கழுதுருட்டிக்கு அருகே பதின்மூன்று வளைவுகள் கொண்ட கற்பாலம் ஒன்று உண்டு. அதில் அவர் ஐந்து வளைவுகளை அட்டையில் முடித்திருக்கிறார். “பாலத்துக்குப் படம் நிறைய இருக்கிறது, தம்பி. பழைய பெட்டிக்கும் படம் இருக்கிறது. ஜன்னலுக்கு ஜன்னல் எவ்வளவு தூரம் என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை” என்றார்.

அதைக் கேட்ட வங்கி அதிகாரி அடுத்த கூட்டம் வரை காத்திராமல், உள்ளறையிலிருந்து தம் பழைய குறிப்பேட்டை வரவழைத்தார். அது அவருடைய வீடுதான். இளமையில் ஏதோ ஒரு நிலையத்தில் நின்ற மீட்டர்ப் பாதைப் பெட்டியை நாடாவால் அளந்து குறித்திருந்தார். ஜன்னல், கதவு, படி, கூரை வளைவு எல்லாம் அடி, அங்குலத்தில் இருந்தன. அந்த அம்மையார் பேசாமல் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு, தாம் செய்துவந்த பெட்டியின் பக்கவாட்டு அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தார். “இதைப் புதிதாக வெட்ட வேண்டும்” என்றார். அவர் குரலில் வருத்தம் இல்லை.

இது குழந்தை விளையாட்டு என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வண்டி மறைந்தபின் நம்மிடம் எஞ்சுவது படமும் பழங்கதையுமே. அதை மறுபடி உருவாக்க அளவு வேண்டும். அளவை எடுப்பவன், பொருள் கண்ணெதிரே இருக்கும்போதே எடுக்க வேண்டும். பெரம்பூரின் அந்தப் பழைய வகைப் பெட்டிகளைக் கட்டுவதும் 2018இல் நின்றுவிட்டது. நம் பிள்ளைகள் அவற்றில்தான் ஊருக்குப் போய் வந்தார்கள்.

நம் சங்கத்துச் சிறுவர் சிறுமியர் இவ்வேலையைச் செலவின்றியே தொடங்கலாம். தடித்த அட்டையில் 245 மில்லிமீட்டர் நீளமும் 37 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட பெட்டி ஒன்று செய்து பார்க்கட்டும். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, நிலைய அதிகாரியிடம் சொல்லிவிட்டு, நடைமேடைப் பெஞ்சையும் கூரைத் தூணையும் பெயர்ப்பலகையையும் அளந்து நோட்டில் எழுதிவரட்டும். சங்க ஆண்டு விழாவில் அதற்காக ஒரு மேசை போடும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த மேசையில் முடிந்த வேலைக்கு மட்டுமன்றிப் பாதி வேலைக்கும் இடம் இருக்கட்டும்.