கிருஷ்ணா கால்வாயும் கோடை நீராடலும்

பிரதோஷ நாள்களில் சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட ஈசனைத் தரிசிக்க வரும் அன்பர்களில் சிலர், ஊத்துக்கோட்டை அருகே கிருஷ்ணா கால்வாயைக் கண்டதும் வண்டியை நிறுத்திவிடுகின்றனர். சித்திரை வெயிலில் அந்நீர் அழைக்கத்தான் செய்யும். ஆயினும் அது ஆறன்று. கண்டலேறு அணையிலிருந்து சென்னையின் குடிநீருக்காக வரும் கால்வாய். ஊத்துக்கோட்டை எல்லையில் தமிழகத்துள் நுழைந்து, சுமார் 25 கிலோமீட்டர் ஓடிப் பூண்டி ஏரியை அடைகிறது. கரைகள் சரிவானவை, சிமென்ட் பூச்சின்மேல் பாசி படிந்தால் கால் நிற்காது. பற்றிக்கொள்ள வேரும் இல்லை, படித்துறையும் இல்லை. மேலே அமைதியாகத் தெரியும் நீருக்கு அடியில் இழுப்பு உண்டு. அங்கே இறங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படிகள் உள்ள திருக்குளம் என்றாலும் ஆழம் அறியாமல் இறங்கலாகாது. 2023 ஏப்ரல் 5 அன்று, சென்னை மூவரசம்பட்டுக் குளத்தில் பங்குனி உத்திரத் தீர்த்தவாரியின்போது ஐந்து இளைஞர்கள் மூழ்கி உயிரிழந்தனர். சுவாமி கைங்கர்யத்துக்கு வந்த பிள்ளைகள்! நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ஒருவர் தத்தளிக்கும்போது பாசத்தால் பின்னாலேயே குதிப்பதுதான் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று உயிர்களைக் கொண்டுபோகிறது. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, மூன்று பெண்கள் தம் புடவைகளை அவிழ்த்து வீசி இருவரைக் கரையேற்றினர். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. வேட்டியோ மேல்துண்டோ நம்மிடமும் உண்டல்லவா? கரையில் நின்றபடி அதை வீச வேண்டும். 108, 112 எண்களையும் உடனே அழைக்க வேண்டும்.

நம் வயதினர் மேற்படியிலேயே அமர்ந்து செம்பால் மொண்டு தலையில் விட்டுக்கொண்டாலும் தீர்த்தம் தீர்த்தமே. அப்போது பேரப்பிள்ளை நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.