எங்கள் படங்களில் ஆள் எங்கே?

ஒரு தலித் இளைஞனோ இளம்பெண்ணோ கேமராவைக் கையில் எடுத்தால் எதைப் படம் எடுக்க வேண்டும்? இதற்கான பதிலை நம்மைச் சுற்றியிருப்பவர்கள் முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். தன் தெரு, தன் தெருவின் சாக்கடை, அம்மாவின் காய்த்துப்போன கை, செத்துப்போன துப்புரவுத் தொழிலாளியின் வீட்டு வாசல். இவையெல்லாம் எடுக்கப்பட வேண்டிய படங்கள்தான். ஆனால் அதே பிள்ளை ஒரு சுவரின் துருவை மட்டும் எடுத்து வந்து காட்டினால் என்ன சொல்கிறோம்? "நல்லாதான் இருக்கு. ஆனா இதுல ஆள் எங்க?" என்கிறோம்.

திருவொற்றியூரில் நான் வேலை செய்யும் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு வரும் பிள்ளைகளில் சிலர் கைப்பேசியில் படம் எடுப்பவர்கள். அதில் ஒரு தம்பி பி.காம் இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்குக் கன்டெய்னர் யார்டில் ஒப்பந்த வேலை. தம்பி எடுக்கும் படங்களில் முழு உருவம் எதுவும் இருக்காது. கன்டெய்னர் தகரத்தில் பெயின்ட் உரிந்து துருப்பிடித்த இடம், எண்ணூர் கழிமுகத்தில் காய்ந்து வெடித்த சாம்பல், மழைத்தண்ணீரில் மிதக்கும் எண்ணெய். "ஏன்டா தம்பி, இதையே எடுக்குற?" என்று கேட்டேன். "தெரியலக்கா. கிட்ட போய் பாத்தா துரு மாதிரியே இல்ல. ஏதோ ஊரு மேப் மாதிரி இருக்கு" என்றான்.

ஒருமுறை நிதி உதவி செய்யும் ஓர் அமைப்பு தன் ஆண்டறிக்கைக்குப் பிள்ளைகள் எடுத்த படங்களைக் கேட்டது. தம்பியின் படங்களையும் சேர்த்து அனுப்பினேன். அவை மட்டும் திரும்பி வந்தன. குழந்தைகளின் முகம் தெரிகிற மாதிரி, வாழ்நிலை புரிகிற மாதிரி அனுப்புங்கள் என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை; மிக மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்த மரியாதைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தம்பி எடுக்கும் படங்களுக்குப் பெயர் உண்டு. அப்ஸ்ட்ராக்ட் போட்டோகிராபி, தமிழில் அரூபப் புகைப்படம். அதற்கு நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. 1916இல் அமெரிக்காவில் பால் ஸ்ட்ராண்ட் கிண்ணங்களையும் தாழ்வாரத்தில் விழுந்த நிழலையும் மிக அருகில் போய் எடுத்தார். பொருள் மறைந்து கோடும் வளைவும் மட்டும் நின்றன. 1917இல் லண்டனில் ஆல்வின் லாங்டன் கோபர்ன் மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகக் கட்டி, அதன் வழியாகப் படம் எடுத்தார். 1920களில் மேன் ரேயும் மொஹோலி நாகியும் கேமராவே இல்லாமல், ஒளிபடும் தாளின்மேல் பொருள்களை வைத்து நிழலைப் பதித்தார்கள். ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் வருடக்கணக்காக மேகங்களை எடுத்தார். மேகத்தைக் காட்டுவது அவர் நோக்கமாக இருக்கவில்லை. தன் மனநிலைக்கு நிகரான ஒன்றாக அதைப் பார்த்தார். அதனால்தான் அந்த வரிசைக்கு 'நிகரானவை' என்று பொருள்படும் பெயரை வைத்தார்.

இந்தியாவில் நஸ்ரீன் மொஹமதி இருக்கிறார். 1937இல் கராச்சியில் பிறந்தவர், பரோடாவில் ஓவியம் கற்பித்தவர், 1990இல் இறந்தவர். நடைபாதைக் கற்கள், தண்ணீர், நிழல், தறியில் இழுத்துக் கட்டிய நூல் என்று அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்று உலக அருங்காட்சியகங்களில் மதிக்கப்படுகின்றன. உயிரோடு இருந்தபோது அவர் அவற்றைக் காட்சிக்கு வைத்ததே இல்லை.

இதே கேமரா நம் ஊருக்கு வந்தபோது யாரை எப்படிப் பார்த்தது? ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது 1856இல். அதே வருடம்தான் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் மூலமான கலைப் பள்ளியை 1850இல் நிறுவியவரும் அவரே. அடுத்த இருபது வருடத்தில் கேமரா என்ன வேலை செய்தது என்று பாருங்கள். 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற தலைப்பில் எட்டுத் தொகுதிகள் ஆங்கிலத்தில் வந்தன. மனிதர்களைச் சாதி, இனம் என்று வகைபிரித்து, பூச்சிகளைக் குத்திவைப்பதுபோல ஒட்டிய படங்கள். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். மெட்ராஸ் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர், எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். அந்தப் படங்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை. எடுத்தவரின் பெயர் மட்டும் தெரிகிறது.

ஆக, கேமராவுக்கு முன்னால் நாம் முதலில் நின்றது 'வகை'யாக, பிறகு 'பஞ்ச உடம்பாக'. மேலை நாடுகளில் கேமரா மேகத்தையும் நிழலையும் தேடிப் போன பிறகும், நம்மிடம் அது கேட்டது உடம்பைத்தான். இன்றைய ஆண்டறிக்கை கேட்பதும் அதையே.

முதுகலையில் சமூகவியல் படித்தபோது கோபால் குருவின் ஒரு கட்டுரை என்னைப் பிடித்து உலுக்கியது. 2002இல் எழுதியது. இந்திய சமூக அறிவியலில் கோட்பாட்டை உருவாக்குகிறவர்கள் ஒரு பக்கம், அதற்கான அனுபவத் தரவைத் தருகிறவர்கள் மறுபக்கம் என்று சாதி பிரிந்து கிடக்கிறது என்பது அவர் வாதம். தலித்துகள் தங்கள் வாழ்க்கையைச் சொன்னால் கேட்பார்கள். அந்த வாழ்க்கையிலிருந்து ஒரு கருத்தை அருவமாக்கி எடுத்தால் காது மூடிக்கொள்ளும். புகைப்படத்திலும் இதே கதைதான். நாம் படத்துக்குள் இருக்கலாம், நம் துயரத்தை நாமே எடுக்கவும் செய்யலாம். ஆனால் ஒளியை, நிறத்தை, கோட்டைப் பற்றி நமக்கு ஓர் எண்ணம் இருக்கக்கூடும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் இந்தச் சுவரில் முன்பே மோதியிருக்கிறார்கள். ஆரன் சிஸ்கைண்ட் என்ற வெள்ளையர் 1930களில் குழுவாகச் சேர்ந்து ஹார்லெம் பகுதியின் கறுப்பின மக்களை ஆவணப்படமாக எடுத்தார். 1940களில் அதை விட்டுவிட்டு, உரிந்த பெயின்ட், கிழிந்த சுவரொட்டி, பழைய சுவர் என்று அரூபத்துக்குப் போனார். உலகம் அவரை மாமேதை என்றது. அவர் படங்கள் அற்புதமானவை, மறுக்கவில்லை. எங்கள் தம்பியின் துருப் படங்களுக்கு அவர்தான் தாத்தா. அதே ஹார்லெமில் பிறந்த கறுப்பினக் கலைஞர் ராய் டிகராவா 1952இல் குகன்ஹைம் நிதிநல்கை பெற்றார். தன் விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதினார்: தான் செய்ய நினைப்பது ஆவணமோ சமூகவியல் அறிக்கையோ அல்ல, படைப்பு என்று. அவர் படங்களில் மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் இருட்டும் சாம்பல் நிறமும் அவர்களைச் சூழ்ந்து நிற்கும். முழுதாகக் காட்டச் சொல்லும் கண்ணுக்கு அவர் அடிபணியவில்லை. சிஸ்கைண்டுக்குத் தேவைப்படாத ஒரு விளக்கத்தை டிகராவா எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இதுவரை படித்துவிட்டு, "அப்போ இனி எல்லாரும் துருவையும் மேகத்தையும் எடுங்க" என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அரூபத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அதையும் வடசென்னையில்தான் பார்க்க முடியும்.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. வாளியால் அள்ளித்தான் கரையைச் சுத்தம் செய்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பரவியது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போயின. சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களுக்கு ஆறே இல்லாமல் போனது. அந்த நாட்களில் தண்ணீரை மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தால் கண் கூசும். ஊதா, பச்சை, பொன் நிறம் என்று வானவில் போலச் சுழித்து ஓடும். பிரேம் போட்டு ஒரு ஓட்டல் வரவேற்பறையில் மாட்டினால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். சாம்பல் குட்டையும் அப்படித்தான், உயரத்திலிருந்து பார்த்தால் வெள்ளி. கனடாவின் எட்வர்ட் பர்டின்ஸ்கி உலகம் முழுக்க சுரங்கங்களையும் உப்பளங்களையும் உயரத்திலிருந்து ஓவியம் போலவே எடுத்துக் காட்டுகிறார். கட்ச் பாலைவனத்தின் உப்பளங்களையும் எடுத்திருக்கிறார். அந்த உயரத்தில், உப்பில் கால் வெடித்து நிற்கும் தொழிலாளி ஒரு புள்ளிகூட இல்லை.

எனவே ஆளை நீக்குவது எப்போதும் விடுதலை ஆகிவிடாது. யார் நீக்குகிறார்கள், எங்கே நின்று நீக்குகிறார்கள் என்று கேட்டாக வேண்டும். ட்ரோனில் இருந்து பார்ப்பவருக்கு எண்ணெய் ஒரு நிறம். முழங்கால் தண்ணீரில் நின்று பார்ப்பவருக்கு அந்த நிறம் தோலில் ஒட்டி அரிக்கும்.

ஆனால் அருகில் நின்று எடுத்த அரூபப் படம் ஒரு சாட்சியாகவும் ஆகலாம். எண்ணெய்ப் படலத்தின் மேல்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால்தான் வானவில் நிறம் வருகிறது. எந்த நிறம் என்பது படலத்தின் தடிமனைப் பொறுத்தது. வடகடல் நாடுகள் எண்ணெய்க் கசிவைக் கணக்கிட இதையே ஒரு முறையாக வைத்திருக்கின்றன. வெள்ளிப் பளபளப்பு என்றால் தடிமன் 0.3 மைக்ரானுக்கும் குறைவு. வானவில் நிறம் என்றால் 0.3 முதல் 5 மைக்ரான். உலோகப் பளபளப்பு 5 முதல் 50. அதற்கும் மேல் போனால் எண்ணெயின் சொந்த நிறமே தெரியத் தொடங்கும். வானவில் நிறம் ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருந்தால் 300 லிட்டர் முதல் 5,000 லிட்டர் வரை எண்ணெய் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். இதை மையத்தில் விளக்கியபோது தம்பி தன் போனை எடுத்துப் பழைய படங்களைத் தேட ஆரம்பித்தான். "அக்கா, அப்ப என் படத்த வெச்சே கேட்கலாமா?" என்றான். கேட்கலாம். இடமும் தேதியும் நேரமும் இருந்தால் கேட்கலாம்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு சயனோடைப் செய்தோம். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. அடுத்த வருடமே ஆனா அட்கின்ஸ் என்ற பெண் இதைக்கொண்டு கடற்பாசிகளின் நிழலைப் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு இரசாயனங்கள் போதும். கரைத்துத் தாளில் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே பொருளை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் நீல நிறத்தில் வெள்ளை நிழல் விழும். கேமரா வேண்டாம், கரண்ட் வேண்டாம். எங்கள் ஊரில் பஞ்சமில்லாத ஒன்று வெயில். ஒரு பெண் கிழிந்த வலைத் துண்டை வைத்தாள். இன்னொருத்தி தன் அப்பாவின் வேலைக் கையுறையை வைத்தாள். கையுறையில் விரல் நுனிகள் ஓட்டையாக இருந்தன. நீலத் தாளில் அந்த ஓட்டைகள் அப்படியே விழுந்திருந்தன. அந்தப் படத்தில் ஆள் இல்லை. ஆனால் அதைப் பார்த்தவர்கள் யாரும் "ஆள் எங்கே" என்று கேட்கவில்லை.

நம் பக்கத்தில் முன்னோடிகளும் இருக்கிறார்கள். மதுரையில் மீன் விற்கும் தாயின் மகனாக வளர்ந்த பழனி குமார், துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வைப் பல வருடமாகப் பதிவு செய்துவருகிறார். வியாசர்பாடி இளைஞர்களுக்குக் கேமரா கற்றுக்கொடுத்தார். அவர்கள் எடுத்த படங்கள் எழும்பூர் அருங்காட்சியகம் வரை போயின. வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் சொந்த வீட்டையும் குடும்பத்தையும் எடுத்தார். மும்பையில் சுதாரக் ஓல்வே இருக்கிறார். இவர்கள் எடுப்பவை அரூபப் படங்கள் அல்ல. ஆனால் நம் மனிதர்களை மரியாதையோடு பார்க்க முடியும் என்று இவர்கள் காட்டியதால்தான், அடுத்து வருகிறவர்களுக்குத் துருவைப் பார்க்கவும் நேரம் கிடைக்கிறது. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள்.

படம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு மூன்று விஷயம் சொல்வேன். ஒன்று, உங்களுக்கு அழகாகப் படுவதை எடுங்கள். அதற்கு யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டாம். இரண்டு, படத்தில் ஊர் தெரியாவிட்டால் படத்துக்குக் கீழே ஊரை எழுதுங்கள். 'நீலம் 3' என்று பெயர் வைப்பதைவிட 'காட்டுக்குப்பம், காலை 7 மணி' என்று தேதியோடு எழுதுவது மேல். மூன்று, அமைப்பு நடத்துகிற நம்மைப் போன்றவர்களுக்கு: பிள்ளைகளின் முகத்தைக் கேட்டு வரும் மின்னஞ்சலுக்கு உடனே 'சரி' என்று பதில் போடாதீர்கள். அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்றும் ஒரு படம் சேர்த்து அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் மறுபடி அனுப்புங்கள். நான் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜெய் பீம்.