காவல் குடிசையில் தோரோ

1981-இல் நான் ஓசூருக்கு வேலைக்கு வந்தபோது சிப்காட் மதில்களை ஒட்டியே ராகிக் கொல்லைகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினால் ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர். அங்கே அவென்யூ ரோட்டில் பழைய புத்தகங்களைக் குவித்து வைத்து விற்பார்கள். அட்டை கிழிந்த 'வால்டன்' எனக்கு மூன்று ரூபாய்க்குக் கிடைத்தது அங்கேதான். ஐ.டி.ஐ. முடித்தவனுக்கு அந்த ஆங்கிலம் லேசில் பிடிபடவில்லை. நைட் ஷிப்ட் முடிந்த பகல்களில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, நாளுக்கு இரண்டு பக்கம் என்று வாசித்தேன்.

அதை எழுதிய ஹென்றி டேவிட் தோரோ, அமெரிக்காவில் கான்கார்டு என்ற ஊருக்குப் பக்கத்தில், வால்டன் குளக்கரையில் தன் கையாலேயே ஒரு வீடு கட்டி 1845 ஜூலை 4 அன்று குடியேறியவர். செலவு 28 டாலரும் சில்லறையும். ஆணி, சுண்ணாம்பு வரை கணக்கு எழுதி வைத்திருக்கிறார். இரண்டு வருஷம், இரண்டு மாதம், இரண்டு நாள் அங்கே இருந்தார். நிலம் அவருடைய நண்பரும் எழுத்தாளருமான எமர்சனுடையது. அந்த எமர்சன் 1836-இல் வெளியிட்ட 'இயற்கை' என்ற சிறு நூல்தான் டிரான்சென்டென்டலிசம் என்ற சிந்தனைக்கு அங்கே விளக்கேற்றியது. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் விஷயம் நமக்குப் பழக்கமானதுதான். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத உண்மை ஒன்று உண்டு. அதை அறிய இடையில் ஆள் வேண்டாம், அவரவர் உள்ளுணர்வே போதும். மரத்திலும் மனிதனிலும் இருப்பது ஒரே உயிர்.

எனக்கு அந்த வயதில் இதெல்லாம் ஏறவில்லை. தனியாக ஒரு வீடு, பக்கத்தில் குளம், ஏன் என்று கேட்க ஆளில்லை. இது மட்டும் நன்றாக ஏறியது. நடுவில் ஊரைப் பற்றி ஒரு குட்டி அத்தியாயம் வந்தது. காட்டைப் பற்றி வாசிக்கிறவனுக்கு ஊர்க்கதை எதற்கு என்று தள்ளிவிட்டேன்.

1987 கார்த்திகையில் டூல் ரூமில் ஒரு தப்பு செய்தேன். ஒரு டையின் துளை 0.05 மில்லிமீட்டர் கூடப் போய்விட்டது. குறைந்தால் திரும்பக் குடையலாம்; கூடினால் ஸ்கிராப்தான். காலையில் மிஷினை செட் செய்து வைத்தவன் ஒரு அப்ரண்டிஸ் பையன். போர்மேன் அவனைப் பிடித்துக்கொண்டார். கடைசி அளவை மைக்ரோமீட்டரில் பார்க்காமல் ஓட்டியது நான். பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் குனிந்து கையில் இருந்த வேஸ்ட் துணியால் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் தூக்கமில்லை. பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டில் மனைவியிடம் அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு, தளிக்கு அப்பால் ஒரு நண்பரின் கொல்லைக்குப் போனேன். ராகி முற்றிய நேரம். காவலுக்குப் போட்ட குடிசை ஒன்று இருந்தது. கையில் 'வால்டன்'. நானும் ஒரு தோரோ என்றுதான் நினைப்பு.

பக்கத்துக் கொல்லையில் ஓர் அஜ்ஜி, அதாவது பாட்டி. கன்னடம்தான் பேசுவார். முதல் நாளே, "ஊட்ட ஆய்த்தாப்பா?" என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். சாப்பிட்டாயா என்பது அங்கே வணக்கம் மாதிரி. ஆனால் அஜ்ஜி பதிலுக்குக் காத்திருந்தார். தட்டில் ஆவி பறக்கும் களி உருண்டை, நடுவில் குழி, குழியில் அவரைக்கொட்டைக் குழம்பு. கிள்ளிக் குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று செய்து காட்டினார். அதன்பிறகு ஒரு வேளையும் தவறவில்லை. ஜவளகிரிக் காட்டிலிருந்து யானைகள் ராகிக்கு இறங்கும் பருவம் அது. ராத்திரி அஜ்ஜியின் மகன்தான் தகரத்தைத் தட்டிக்கொண்டு எங்கள் கொல்லைக்கும் சேர்த்துச் சுற்றி வருவார். ஆறாம் நாள், ஏன் இங்கே வந்தாய் என்றார் அஜ்ஜி. மனசு சரியில்லை என்றேன். "இல்லி இத்ரெ சரி ஹோகுத்தா?" என்று கேட்டார். இங்கே இருந்தால் சரியாகிவிடுமா?

அன்று மதியம் வேறு வேலையில்லாமல் விட்டுப்போன ஊர் அத்தியாயத்தைப் புரட்டினேன். 1846 ஜூலையில் தோரோ தைக்கக் கொடுத்த செருப்பை வாங்க ஊருக்குள் போகிறார். வரி கட்டவில்லை என்று பிடித்துச் சிறையில் வைக்கிறார்கள். மனிதரை ஆடு மாடு போல விற்கிற அரசுக்கு வரி கட்ட மனமில்லாதவர். ஒரு ராத்திரி உள்ளே. மறுநாள் வெளியே விட்டதும் அந்தச் செருப்பை வாங்கிக்கொண்டு காட்டுக்குத் திரும்புகிறார். புத்தகத்தை மூடிவிட்டேன். அந்த மனிதர் குளக்கரையில் ஒளிந்திருக்கவில்லை. நான் ஒளிந்திருந்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஓசூர் திரும்பி, போர்மேனிடம் சொன்னேன். எனக்கு மெமோ வந்தது. பையன் பெயரில் எழுதியிருந்ததை அடித்தார்கள். அவன் இப்போது மத்திகிரிப் பக்கம் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான்.

பின்னால்தான் நிதானமாக இதையெல்லாம் தேடி வாசித்தேன். 1785-இல் சார்லஸ் வில்கின்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்த கீதையை அந்தக் குளக்கரையில் காலை வேளைகளில் தோரோ படித்திருக்கிறார். குளத்தின் பனிக்கட்டியை வியாபாரிகள் அறுப்பதைப் பார்த்து, மெட்ராஸ்காரர்கள் தன் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப்போகிறார்கள் என்று மகிழ்ந்தும் இருக்கிறார். பாஸ்டன் பனிக்கட்டியை இறக்கி வைக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் மெரினாவில் நிற்கிறது. 1897-இல் விவேகானந்தர் தங்கியது அதே கட்டடத்தில்தான். அந்தச் சிறை ராத்திரியைப் பற்றி தோரோ எழுதிய கட்டுரை 1849-இல் வந்தது. காந்தி அதைத் தென்னாப்பிரிக்காவில் வாசித்தார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, காந்தியின் வழியில் 1930-இல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்து, உப்பெடுத்துச் சிறைக்குப் போனார்.

அந்தக் குளக்கரை நிலத்துக்குச் சொந்தக்காரரான எமர்சனின் தடமும் தமிழ் வரை வருகிறது. அமெரிக்க இலக்கியத்துக்குத் தன் சொந்தக் குரல் கிடைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1855-இல் வால்ட் விட்மன் 'புல்லின் இதழ்கள்' தொகுப்பைத் தன் செலவில் அச்சிட்டபோது, பெயரே கேள்விப்படாத அந்த ஆளுக்குப் பாராட்டிக் கடிதம் எழுதியவர் அவர். அந்த விட்மனைப் பற்றி பாரதி எழுதினார், தாமும் வசன கவிதை செய்தார். ந. பிச்சமூர்த்திக்கும் விட்மனே தூண்டுதல். 1934-இல் மணிக்கொடி இதழில் அவருடைய 'காதல்' கவிதை வந்தது. தமிழில் புதுக்கவிதை அங்கிருந்து நடக்கத் தொடங்கியது.

அந்தக் குடிசையில் தங்கிவந்த மறு வருஷம் ஒரு நூல் புடவை வாங்கிக்கொண்டு தளிக்குப் போனேன். "ஊட்ட ஆய்த்தாப்பா?" என்றுதான் அஜ்ஜி முதலில் கேட்டார். புடவையை அப்புறம்தான் பார்த்தார்.

சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். 'வால்டன்' கையில் கிடைத்தால் மெதுவாக வாசியுங்கள். 'தி வில்லேஜ்' என்று சில பக்கமே உள்ள ஓர் அத்தியாயம் வரும். என்னைப் போல அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.