நாயகனின் தோழன்: ‘டணால்’ தங்கவேலுவும் வானொலிக் காலமும்

வில்பட்டி,
கொடைக்கானல் மலை.

அன்புள்ள பேத்திக்கு,

பழைய தமிழ்ப் படங்களில் நாயகனுக்குப் பக்கத்திலேயே சிரிக்க வைக்கும் தோழன் ஒருவன் ஏன் தவறாமல் இருக்கிறான் என்றும், அவன் பேச்சைத் திரையே இல்லாமல் வானொலியில் கேட்டு ஒரு தலைமுறை எப்படிச் சிரித்தது என்றும் நீ கேட்டிருந்தாய். இரண்டுக்கும் விடை ஒன்றுதான். அது ‘டணால்’ கே. ஏ. தங்கவேலுவின் கலை வாழ்வில் தெளிவாகக் கிடைக்கிறது.

அந்தத் தோழன் சினிமாவில் பிறந்தவன் அல்லன். தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்றொரு பாத்திரம் உண்டு. அரசனின் வருகையை அறிவிப்பதும், அவனையே குறுக்குக் கேள்வி கேட்பதும், கதையைப் பார்ப்போருக்கு எளிய பேச்சில் விளக்குவதும், இடையிடையே ஊர்நடப்பைக் கேலி செய்வதும் அவன் வேலை. மதுரை வட்டாரத்தின் ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது நிலையான குழு இல்லாமல் ஓர் இரவுக்கென்று தனித்தனியே அழைக்கப்படும் நடிகர்கள் கூடி நடத்தும் நாடகத்தில், அதே வேலையைப் பபூன் செய்தார். இந்த மரபைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் தலையானவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். தம் குழுவைக் கொண்டு நகைச்சுவைப் பகுதியைத் தனியாக அமைத்து மூலக்கதையோடு இணைக்கும் முறையை அவர் வேரூன்றச் செய்தார்.

காரைக்கால் பகுதியிலுள்ள திருமலைராயன்பட்டினத்தில் 1917ஆம் ஆண்டு பிறந்த தங்கவேலு, சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து தொழில் கற்றவர். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’யில் எம். ஜி. ராமச்சந்திரன் திரைக்கு அறிமுகமானபோது, தங்கவேலுவும் அதே படத்தில் சிறு வேடமொன்றில் தோன்றினார். ஆனால் அவர் பெயர் ஊரறியப் பரவுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 1951இல் வந்த ‘சிங்காரி’யில் ‘டணால்’ என்ற சொல்லை அவர் அடிக்கடி சொன்ன விதம் மக்களுக்குப் பிடித்துப்போய், அதுவே அவருக்குப் பட்டப்பெயராக நிலைத்தது.

அவருடைய கலையின் உச்சம் 1959இல் வெளியான ‘கல்யாணப் பரிசு’. ஸ்ரீதர் இயக்கிய முதல் படமான அதில், நாயகன் பாஸ்கரின் நண்பன் சம்பத்தாகத் தங்கவேலு வருகிறார். வேலையில்லாத சம்பத், மன்னார் அண்ட் கம்பெனி என்ற இல்லாத நிறுவனத்தில் தனக்கு உத்தியோகம் என்று மனைவி வீட்டாரை நம்ப வைக்கிறான், பின்பு எழுத்தாளர் பைரவன் தானே என்றும் சொல்லிக்கொள்கிறான், ஒவ்வொரு பொய்யையும் காப்பாற்ற இன்னொரு பொய்யைத் தேடி அலைகிறான். இந்தப் பகுதியை வெறும் இடைவேளைச் சிரிப்பு என்று ஒதுக்குவது தவறு. ஒருத்தியைக் காதலித்து அவள் அக்காளை மணக்க நேர்ந்த பாஸ்கரும் மனைவியிடம் உண்மையை மறைத்தே வாழ்கிறான். நாயகனின் மறைப்பு துயரமாக முடிய, அதே மறைப்பு தோழனிடத்தில் சிரிப்பாக மாறுகிறது. நாயகனுக்குப் பொருந்தாத பயத்தையும் பொய்யையும் வேலையின்மையின் வெட்கத்தையும் தோழனே சுமக்கிறான் என்பதும், அதனால்தான் பார்ப்போர் நாயகனை வியந்து தோழனில் தங்களைக் கண்டார்கள் என்பதும் இந்தப் படத்தில் நன்கு விளங்கும். சம்பத்தின் மனைவியாக நடித்த எம். சரோஜாவே பின்னர் தங்கவேலுவின் மனைவியானார்.

தங்கவேலுவின் திறமை குரலில் இருந்தது. சொற்களை நிறுத்தி நிதானமாக உச்சரிப்பது, மாட்டிக்கொண்ட நொடியில் ஒரு கணம் தயங்குவது, தயங்கிய பின் நம்பும்படியாக இழுத்துப் பேசுவது ஆகியவை அவருடைய கருவிகள். ‘அறிவாளி’ படத்தில் பூரி சுடும் முறையை அவர் சொல்லிக்கொடுக்க, மனைவியாக வரும் டி. பி. முத்துலட்சுமி ஒவ்வொரு படியிலும் அது தெரிந்ததுதான் என்று இடைமறிக்கும் காட்சியில், கணவனின் பொறுமை சிறிது சிறிதாகக் கரைவதைக் கண்ணை மூடிக்கொண்டே கேட்டு உணரலாம். ‘அடுத்த வீட்டுப் பெண்’ணில் பாட வராத நாயகன் ஜன்னலருகே வாயசைக்க, தோழனாகிய தங்கவேலு மறைவிலிருந்து பாடுவதாக வரும் காட்சியும் நாயகனுக்குக் குரல் தருபவனே தோழன் என்பதைக் காட்டுகிறது.

இப்படிக் குரலில் வாழ்ந்த நகைச்சுவைக்கு வானொலி இயல்பான வீடானது. திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியிருந்தாலும், 1950களில் ஒலிபரப்புத் துறை அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர் திரையிசைக்கு இடம் குறைத்தபோது, தென் தமிழ்நாட்டு நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். 1957இல் தொடங்கிய விவித பாரதி என்னும் அரசு வானொலிச் சேவை அவர்களை மீண்டும் ஈர்க்க முயன்றது. திரைப்படத்தின் உரையாடலையும் பாடலையும் சுருக்கித் தொகுத்து, காதால் மட்டும் கேட்கும்படி அமைத்த ‘ஒலிச்சித்திரம்’ என்னும் நிகழ்ச்சி பெரும் வரவேற்புப் பெற்றது. படியாக வெட்டிய நிலங்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் வில்பட்டி போன்ற மலையூர்களில், திரையரங்குக்குச் செல்ல நேரமும் காசும் ஒதுக்க முடியாதவர்களுக்கு வானொலிப் பெட்டியும் திருவிழா ஒலிபெருக்கியுமே சினிமாவாயின. இன்றும் எங்கள் மலையிலிருந்து ஒலிபரப்பாகும் கோடை பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் தொலைதூரம் கேட்பதற்கு மலையின் உயரமே காரணம். பண்பலை அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், உயரத்திலிருந்து புறப்படும் அலை சமவெளியில் வெகுதூரம் பரவுகிறது.

நீ வாழும் அமெரிக்காவில், திரையிலிருந்து வானொலிக்குச் செல்லும் இந்தப் பயணம் எதிர்த்திசையில் நடந்தது. நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னியின் வானொலி நிகழ்ச்சியில் 1937இல் முதலில் தோன்றிய எடி ஆண்டர்சன், ராச்செஸ்டர் என்னும் பணியாளாக வந்து தம் எசமானரையே மடக்கிப் பேசிப் புகழ்பெற்று, அதன் பிறகு பென்னியின் படங்களிலும் இடம்பெற்றார். அங்கே விளம்பரதாரரின் பணத்தில் வானொலியே நடிகர்களை உருவாக்கியது; இங்கே அரசு வானொலி திரை உருவாக்கியவர்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. ஆயினும் எசமானரைக் கேள்வி கேட்கும் ராச்செஸ்டரும் அரசனைக் கேள்வி கேட்கும் கட்டியங்காரனும் ஒரே தொழிலைச் செய்தவர்களே.

1964இல் ‘சர்வர் சுந்தர’மும் ‘காதலிக்க நேரமில்லை’யும் வெளிவந்தபின், உடல்மொழியில் மின்னல் வேகம் கொண்ட நாகேஷின் காலம் எழுந்தது. தங்கவேலு அதன் பிறகும் நடித்து, 1994இல் மறைந்தார். அவருடைய படங்களைப் பார்க்கும்போது நாயகன் சொல்ல முடியாத எதைத் தோழன் சொல்கிறான் என்று கவனித்துப் பார். அன்றைய எளிய குடும்பங்கள் எதற்கு அஞ்சின, எதை அயலாரிடம் மறைத்தன என்பதை வரலாற்று நூல்களைவிட நெருக்கமாக அந்தச் சிரிப்பு உனக்குச் சொல்லும்.

அன்புடன்,
தாத்தா